நீங்கள் அனுப்பிய கத்தி மழுங்கவில்லை

மதிப்பும் அன்பும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

முதலில் "மாப்பிள்ளை" என்று எழுதி, அதை அடித்துவிட்டு, "தம்பி" என்று எழுதினேன். உங்களை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை என்பதால் யாரோ கடைக்காரரிடம் சில்லறை கேட்பது போல இருந்தது. "ஐயா" என்று போட்டுப் பார்த்தேன், தெருவிளக்கு எரியவில்லை என்று மனு எழுதுவது போல ஆகிவிட்டது. கடைசியில் புதுத் தாள் எடுத்து மாப்பிள்ளை என்றே எழுதிவிட்டேன். உங்கள் இருவரையும் பிரித்துத் தீர்ப்புச் சொன்ன நீதிபதி, மாமனாரை என்ன செய்வது என்று ஒரு வரியும் சொல்லவில்லை. அவர் சொல்லாமல் விட்டதை என் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்கிறேன்.

தாங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. எடுத்த எடுப்பிலேயே முறை தவற வேண்டாம் என்பதால், சுகம். என் மகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் அவளும் சுகம். உங்கள் அப்பாவைப் பற்றி எழுதத்தான் இந்தக் கடிதம். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்: நீங்கள் லீவு போட்டுவிட்டு வந்து அவரை உங்களோடு அழைத்துப் போக வேண்டும். ஏன் என்று கேட்பீர்கள். அதற்கு நீங்கள் அவருடைய பிறந்தநாளுக்குப் பார்சலில் அனுப்பினீர்களே, ஒரு வெளிநாட்டுக் கத்தி, அதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

தீர்ப்பு வந்த அன்று நீதிமன்ற வராந்தாவில் நீங்கள் ஒரு பக்கம் போனீர்கள், அவள் ஒரு பக்கம் போனாள். நடுவில் நாங்கள் இரண்டு கிழவர்களும் குடையும் பையுமாக நின்றோம். உங்கள் அப்பா என்னைப் பார்த்து, "அப்போ நாளைக்கு டீக்கு வருவீங்கல்ல, சம்பந்தி?" என்றார். இனிமேல் நாம் சம்பந்தி இல்லை என்றேன். "சரி, வேற என்னன்னு கூப்பிடுறது? நீங்களே ஒரு பேர் சொல்லுங்க" என்றார். மறுநாள் டீக்குப் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். என் மகள் மட்டும், "இனிமே அந்த வீட்டுப் பக்கம் போகாதீங்கப்பா" என்று சொல்லியிருந்ததால், அவளிடம் நடைப்பயிற்சிக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் பேருந்தில் போய் வந்தேன். டாக்டர் நடக்கச் சொன்னதற்கு நான் இவ்வளவு மதிப்புக் கொடுப்பதைப் பார்த்து அவளுக்குப் பெருமை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் உங்கள் பார்சல் வந்தது. உங்கள் அப்பா பேரிங் தொழிற்சாலையில் எஃகைச் சூடாக்கி எண்ணெயில் முக்கிப் பதம் ஏற்றும் பிரிவில் தலை நரைத்தவர். நான் பெரிய ஆஸ்பத்திரிச் சமையலறையைக் கட்டி மேய்த்தவன். ஒரு கத்தியை நடுவில் வைத்தால் நாங்கள் எப்படிச் சும்மா இருப்போம்? அவர் உங்கள் கத்தியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது உலோகப் பொடியை அழுத்திச் செஞ்ச ஸ்டீல், சம்பந்தி. வெனடியம்னு ஒரு உலோகம் சேர்த்திருக்கான். உள்ள கண்ணுக்குத் தெரியாத கல்லுமாதிரி துகள் நிக்கும், அதுதான் கூர் போகாமத் தாங்குது. வருஷக்கணக்கா தீட்ட வேண்டாம்" என்றார். நான் விடுவேனா? என்னிடம் ஆஸ்பத்திரி நாளிலிருந்து ஒரு கார்பன் ஸ்டீல் கத்தி இருக்கிறது, கறுத்துப்போய், துடைக்காமல் வைத்தால் துருப்பிடித்து, பார்க்க லட்சணமே இல்லாமல். "உங்க கத்தி மழுங்கினா அதைத் தீட்டி முடிக்கறதுக்குள்ள ஆயுசு முடிஞ்சிரும். என் கத்தி கல்லுல நாலு இழுப்பு, முகம் மழிக்கலாம்" என்றேன். "தீட்டுறது வேற, தாங்குறது வேற." "தீட்ட முடியாததைத் தாங்கி என்ன பண்றது?" இப்படியே டீ ஆறிப்போய், இரண்டாவது டீயும் ஆறிப்போய், கடைசியில் பந்தயம் என்று முடிவாயிற்று. மூன்றாவதாக, வீட்டுச் சாமான் கடையில் விற்கும் சாதாரண ஸ்டெயின்லெஸ் கத்தி ஒன்றையும் சேர்த்துக்கொண்டோம். என் கத்திக்குக் கிழவன், கடைக் கத்திக்கு மினுக்கி, உங்கள் கத்திக்குத் துரை என்று பெயர் வைத்தோம். தோற்றவர் ஜெயித்தவரை ஒரு மாதம் "ஐயா" என்று கூப்பிட வேண்டும்.

சட்டதிட்டமெல்லாம் உங்கள் அப்பா வகுத்தது. மூன்றையும் ஒரே கல்லில், ஒரே கோணத்தில் அவரே தீட்டினார். "கோணம் மாறினா நாம எஃகைச் சோதிக்கிறோமா கையைச் சோதிக்கிறோமான்னு தெரியாமப் போயிரும்" என்றார். அதன் பிறகு யாரும் கல்லைத் தொடக் கூடாது. தினமும் காலையில் ஒவ்வொரு கத்தியாலும் அட்டைப்பெட்டியைக் கீற வேண்டும், தடிக் கயிறு அறுக்க வேண்டும், பிறகு செய்தித்தாளைத் தொங்கவிட்டு இழுக்க வேண்டும். வெண்ணெயில் போவது போலப் போனால் கூர் இருக்கிறது, தாள் கிழிந்தால் அந்தக் கத்தி அவுட். கீழ்வீட்டுக்காரர் பாதி படித்துவிட்டு இரவல் கொடுத்த செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தை நாங்கள் நாடா நாடாவாக்கித் திருப்பிக் கொடுத்தோம். அவர் மேட்சில் யார் ஜெயித்தார்கள் என்று ஒட்டவைத்துப் பார்த்துவிட்டு அன்றோடு இரவலை நிறுத்திவிட்டார்.

அப்புறம் அந்தப் பேருந்து சமாச்சாரம். நான் கிழவனை அங்கே விட்டு வைக்காமல், தினமும் துண்டில் சுற்றிப் பையில் போட்டுக் கொண்டுபோய்க் கொண்டுவருவேன். ஒருநாள் டிரைவர் பிரேக் போட்ட வேகத்தில் பை கவிழ்ந்து, கிழவன் வழுக்கிக்கொண்டே போய் ஒரு அம்மாவின் செருப்புக்குப் பக்கத்தில் நின்றான். அந்த அம்மா போட்ட சத்தத்தில் பேருந்து நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருச்சு. அங்க ஒரு அதிகாரி, "எங்க போறீங்க பெரியவரே, இவ்வளவு பெரிய கத்தியோட?" ன்னார். "சம்பந்தி வீட்டுக்குங்க" ன்னேன். அவர் பேனாவைக் கீழ வச்சுட்டார். "பொண்ணும் மாப்பிள்ளையும் நல்லா இருக்காங்களா?" "இல்லீங்க, போன வருஷம்தான் விவாகரத்து ஆச்சு" ன்னு நான் உண்மையைச் சொன்னேன் பாருங்க, அதுக்கப்புறம் எனக்கு உட்கார நாற்காலி கூடக் குடுக்கல. சம்பந்தியை வரவழைச்சுக் கேளுங்கன்னு கெஞ்சினேன். வந்தார். எப்படி வந்தார்? பேச்சுல சொன்னா நம்ப மாட்டாங்கன்னு துரையையும் மினுக்கியையும் ரெண்டு கையில எடுத்துட்டு வந்தார். வாசல்ல நின்ன காவலர் பதறிப்போய்த் தொப்பியைக் கீழ போட்டுட்டார். நல்ல வேளையா அந்த அதிகாரி பொறுமைசாலி. ரெண்டு பேரும் வெனடியம், குரோமியம்னு ஒரே சமயத்துல பேச ஆரம்பிச்சதும், இவங்களால யாருக்கும் ஆபத்தில்லன்னு தெரிஞ்சுக்கிட்டு, வீட்டுக்குப் போங்கன்னு அனுப்பிச்சுட்டார்.

நான் அங்க போறது என் மகளுக்குத் தெரிஞ்சது போலீஸால இல்ல, தோல் டாக்டர்கிட்ட. கூர் பார்க்கறதுக்கு முன்கை முடியை மழிச்சுப் பார்ப்போம் இல்லையா? என் இடது கையில திட்டுத் திட்டா வழுக்கை. அவ மருந்துக்கடையில வேலை பார்க்கிறவ, இதெல்லாம் கண்ணுல பட்டா விடுவாளா, கையோட தோல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிட்டா. அவர் பூதக்கண்ணாடி வச்சுப் பார்த்துட்டு, "இதுமாதிரி வேற யாருக்காவது இருக்கா?" ன்னு கேட்டார். நானும் வாய்தவறி, "என் சம்பந்திக்கு இருக்கு டாக்டர், அவருக்கும் இடது கைதான்" ன்னுட்டேன். டாக்டர் ஒட்டிக்கிற வியாதின்னு களிம்பு எழுத ஆரம்பிச்சார். என் மகள் என்னையே பார்த்துக்கிட்டு இருந்தா. "எந்தச் சம்பந்தி?" ன்னா. எனக்கு இருக்கறதே ஒரு சம்பந்திதானே மாப்பிள்ளை. வீட்டுக்கு வந்து படியேறும்போதுதான், "அவராவது நல்லா இருக்காரா?" ன்னு கேட்டா. உங்களைக் கேட்கல, உங்க அப்பாவைத்தான் கேட்டா. நல்லா இருக்கார்னேன். அப்ப எனக்கு வேற எதுவும் தெரியாது.

பந்தயத்துல மினுக்கிதான் முதல்ல அவுட். அதோட வாய் மடங்கிப்போச்சு, எங்க வீட்டுக்கு எடுத்துட்டு வந்துட்டேன். கிழவன் மரியாதையாத் தாங்கினான், ஆனா ஒருநாள் தக்காளி நறுக்கிட்டுத் துடைக்க மறந்துட்டேன், சாறு பட்டு விளிம்பு அரிச்சு, அவனும் தாளைக் கிழிச்சுட்டான். மிச்சம் துரை. துரை மழுங்கவே இல்ல. அட்டை அட்டையாக் கீறினோம், கயிறு கயிறா அறுத்தோம், வாரம் போய் மாசம் போயி, ஒவ்வொரு நாளும் தாள்ல விட்டா சத்தமே இல்லாமப் போகுது. உலகத்துல அப்படி ஒரு எஃகு கிடையாது மாப்பிள்ளை, எவ்வளவு உசத்தியா இருந்தாலும் கொஞ்சமாவது கூர் இறங்கித்தான் ஆகணும். நான் தோத்தாச்சு, தினமும் "ஐயா, வணக்கம் ஐயா" ன்னு சொல்லிக்கிட்டு உள்ள போவேன். உங்க அப்பா, "என்ன புதுசா ஐயாங்கறீங்க, சம்பந்தின்னே கூப்பிடுங்க" ம்பார். பெரிய மனசுன்னு நினைச்சேன். மடையன் நான்.

ஒருநாள் வழக்கத்தைவிடக் கொஞ்சம் சீக்கிரமாப் போனேன். பாத்திரம் கழுவுற தொட்டி மேல தீட்டுக்கல் இருந்தது, ஈரமா, மேல சாம்பல் நிறக் குழம்பு. எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிருச்சு. "ஓஹோ, இதுதான் உங்க வெனடியமா? ராத்திரியும் பகலும் தீட்டி வச்சுட்டு என்னை ஐயா போட வைக்கிறீங்களா?" ன்னேன். உங்க அப்பா கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நான் தொடல சம்பந்தி" ன்னார். "அப்போ கல்லு தானா குளிச்சுட்டு வந்துதா?" "நான் வேலை பார்த்த காலத்துல ஒரு அளவைக்கூட மாத்திச் சொன்னதில்ல. என்னைப் போயி..." ன்னு ஈரக் கல்லைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். நான் அதையும் நடிப்புன்னு நினைச்சேன். ஏமாத்துக்காரர்னு முகத்துக்கு நேராச் சொல்லிட்டு, கிழவனை எடுத்துக்கிட்டு வந்துட்டேன். அதுக்கப்புறம் பல நாள் போகல. நிஜமாவே நடைப்பயிற்சிக்குப் போனேன். அதுபோலக் கொடுமை உலகத்தில் கிடையாது.

என் மகள் கேட்டா, என்னப்பா இப்பல்லாம் வேர்த்து விறுவிறுத்து வர்றீங்கன்னு. நடந்ததைச் சொன்னேன். எனக்கு என்னமோ ஜெயிச்ச மாதிரி, கை காலெல்லாம் ஆட்டிச் சொன்னேன். அவ சிரிக்கல.

"கல்லு எங்க இருந்துச்சு?"

"தொட்டி மேலதான்."

"ஈரமாவா?"

"சொட்டச் சொட்ட."

"ஏமாத்துறவங்க கல்லைத் துடைச்சு ஒளிச்சு வைப்பாங்கப்பா."

அப்புறம் சுவரைப் பார்த்துக்கிட்டுச் சொன்னா: "மாமா எனக்கு அடிக்கடி போன் பண்றார். இன்னிக்கு நீயும் அவனும் சாப்பிட வர்றீங்களாம்மான்னு கேட்கறார். குத்திக்காட்டுறார்னு நினைச்சு நான் கட் பண்ணிட்டேன்பா."

மறுநாள் காலையில் இரண்டு பேரும் போனோம். கதவு திறந்தே கிடந்தது. உங்கள் அப்பா தொட்டிப் பக்கம் நின்று துரையைத் தீட்டிக்கொண்டிருந்தார். கோணம் இம்மி பிசகவில்லை. எங்களைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. என்மேல் கோபமே இல்லை. கோபப்படுவதற்கு அவர் நினைவில் அந்த நாளே இல்லை. என் மகளைப் பார்த்து, "வாம்மா. அவன் வரலையா? ஆபீஸா?" என்றார். அவள், "ஆமா மாமா. வேலை. சாயங்காலம் வருவாரு" என்றாள். குரல் கொஞ்சம்கூட மாறவில்லை. அவர் என் பக்கம் திரும்பி, "சம்பந்தி, மூணையும் தீட்டி வச்சுடறேன். இன்னிக்கே பந்தயத்தை ஆரம்பிச்சுடலாமா?" என்றார். அப்போதுதான் நான் துரையைச் சரியாகப் பார்த்தேன். மூன்று விரல் அகலத்துக்கு வந்த கத்தி, இரண்டு விரல் அகலத்துக்குத் தேய்ந்திருந்தது. அந்த எஃகைத் தேய்ப்பது லேசில்லை மாப்பிள்ளை. நல்ல பலசாலி மணிக்கணக்காக இழுத்தால்தான் ஒரு மயிரிழை குறையும். அவர் எத்தனை காலைகள் முதல் நாள் என்று நினைத்து அதைத் தீட்டியிருக்க வேண்டும்! நான் அவரை ஏமாற்றுக்காரர் என்றேன். "ஆமா சம்பந்தி, இன்னிக்கேதான் ஆரம்பிக்கிறோம்" என்று சொல்லிவிட்டு அட்டைப்பெட்டியை எடுத்துவரப் போனேன். திரும்பி வரக் கொஞ்சம் நேரம் ஆயிற்று.

டாக்டரிடம் காட்டினோம். மறதி வியாதி, ஆரம்பித்து நாளாகிவிட்டது, தனியாக விடக் கூடாது என்றார். உங்களுக்குப் போன் செய்தபோது நீங்கள் மீட்டிங்கில் இருந்தீர்கள். பிறகு நீங்கள் அவருக்குக் கூப்பிட்டபோது அவரே எடுத்து உங்களோடு நன்றாகத்தான் பேசினார் என்று கேள்வி. போனில் அவர் அப்படித்தான், கணீரென்று பேசுவார், யாருக்கும் தெரியாது. உங்களைக் குறை சொல்லவில்லை, தினமும் எதிரில் உட்கார்ந்து டீ குடித்த எனக்கே தெரியவில்லையே. அதற்குள் உங்கள் அப்பா குழாயைத் திறந்துவிட்டுத் தூங்கி, கீழ்வீட்டுக்காரர் கூடத்தில் தண்ணீர் வந்துவிட்டதால், அவரை இங்கே அழைத்து வந்து என் அறையில் வைத்திருக்கிறேன். எதிர்வீட்டு அம்மா யார் இவர் என்று கேட்டார். சம்பந்தி என்றேன். "அட, பொண்ணுக்கு மறுபடியும் கல்யாணமா, சொல்லவே இல்லையே!" "இல்லம்மா, இவர் பழைய சம்பந்தி." அந்த அம்மா இன்னும் அதை யோசித்துக்கொண்டிருக்கிறார். கத்தியை எல்லாம் என் மகள் பூட்டி வைத்தாள். அன்று முழுவதும் அவர் ஒவ்வொரு இழுப்பறையாகத் திறந்து மூடினார். எதைத் தேடுகிறார் என்று அவருக்கே தெரியவில்லை. மழுங்கிய மினுக்கியை எடுத்து வெளியே வைத்தாள். இப்போது காலையில் நாங்கள் இரண்டு பேரும் அட்டை கீறுகிறோம். தினமும் முதல் நாள். தினமும் அவருடைய விளக்கம் புதிது. எனக்கு வெனடியம் மனப்பாடம் ஆகிவிட்டது. உண்மையில் துரை எவ்வளவு காலம் கூர் தாங்கும் என்பது மட்டும் எனக்கு இனிமேல் தெரியப் போவதில்லை.

என்னால் அவரைப் பார்த்துக்கொள்ள முடியும். அதற்காக இந்தக் கடிதம் இல்லை. சாயங்காலம் விளக்குப் போட்டதும் அவர் கூடத்தில் வந்து உட்கார்ந்து, "அவன் வர்ற நேரமாச்சேம்மா" என்கிறார். என் மகள் வேலையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றியிருக்க மாட்டாள். "வந்துட்டே இருக்காரு மாமா, ரோட்டுல கூட்டம்" என்கிறாள். ஒருநாள் மீட்டிங், ஒருநாள் மழை, ஒருநாள் வண்டி பழுது. உங்களைப் பற்றி இவ்வளவு நல்லவிதமாக அவள் மூன்று வருடக் கல்யாண வாழ்க்கையில் பேசியதில்லை என்று வேடிக்கையாக ஒருநாள் சொன்னேன். அவள் சமையலறைக்குள் போய்விட்டாள். சொல்லியிருக்கக் கூடாது. மறந்துபோன ஒருவருக்காக அவள் மறக்க வேண்டியதை எல்லாம் தினமும் எடுத்து எடுத்துச் சொல்கிறாள், மாப்பிள்ளை. அவள் இளைத்துவிட்டாள். ஆகவேதான் கேட்கிறேன். வந்து உங்கள் அப்பாவை அழைத்துப் போங்கள். அவருடைய துணிமணி, மாத்திரை எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். துரையையும் தருகிறேன், அதை அவர் கண்ணில் படாமல் வையுங்கள்.

நடக்கும் பாதையில் உங்கள் கால் இடறாமல், உண்பது உடம்பில் ஒட்டி, உறக்கம் கலையாமல் நெடுங்காலம் நல்லபடியாக இருங்கள். உங்களோடு வேலை செய்பவர்களுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் மேல் இன்னமும் அன்புள்ள
மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை தேடிப் போன நேரத்தில் உங்கள் அப்பா இந்தத் தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்துவிட்டார். பிடுங்கினால் தப்பு, விட்டால் அதைவிடத் தப்பு. போலீஸ் ஸ்டேஷனில் வாய்விட்டுச் சிரித்தார். கல் ஈரமாக இருந்த இடத்தில் சிரிப்பை நிறுத்தினார். முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "பாவம், யாரு சம்பந்தி இந்த மனுஷன்?" என்றார். எனக்குத் தெரிந்த ஒருத்தர் என்றேன்.

"அவரை எதுக்கு அனுப்பணும்? புள்ள காலையில வேலைக்குப் போயிருவான். பகல் பூரா தெரியாத ஊர்ல அந்த மனுஷன் யார் முகத்தைப் பார்த்துட்டு உட்கார்ந்திருப்பார்? இங்கன்னா பேச்சுத்துணைக்கு இந்தக் கடுதாசி எழுதினவர் இருக்காரே. கொஞ்சம் சந்தேகப் புத்தி, மத்தபடி நல்லவராத்தான் தெரியறார்" என்றார் உங்கள் அப்பா.

என் மகள் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அனுப்ப வேண்டாம்பா" என்றாள்.

ஆகவே மேலே நான் கேட்டதை எதையும் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். எடுத்து வைத்த துணியை எல்லாம் மறுபடி அலமாரியில் அடுக்கியாகிவிட்டது. அவருக்கு டிக்கெட் வேண்டாம், உங்களுக்கு மட்டும் எடுங்கள். விளக்குப் போடுகிற நேரத்துக்கு வந்து, கதவைத் தட்டி, "வந்துட்டேன்பா, ரோட்டுல ஒரே கூட்டம்" என்று அவரிடம் சொல்லுங்கள். அப்புறம் நீங்கள் திரும்பிப் போய்விடலாம். ஒரு நாளாவது அவள் சொன்னது பொய்யில்லாமல் இருக்கட்டும்.